ரெண்டர் ஃபார்மில் மேனேஜராக எந்த சிஸ்டத்தை வைக்கலாம்?

கொழிஞ்சாம்பாறைக்காரன் · வெள்ளி, இரவு 9.40

வணக்கம் நண்பர்களே. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொழிஞ்சாம்பாறையில் கொப்பரைக் கடைக்கு மேல்மாடியில் சின்ன ஸ்டூடியோ நடத்துகிறோம். கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கட்டடக்காரர்களுக்கு வாக்த்ரூ (கட்டடத்துக்குள் நடந்து பார்ப்பது போன்ற 3டி படம்) செய்து தருவதுதான் முக்கால்வாசி வேலை. ஓணம் வந்தால் பாலக்காட்டு நகைக்கடை, துணிக்கடை விளம்பரங்களும் உண்டு. இருப்பது 3டி மென்பொருளான 3டிஎஸ் மேக்ஸும், ஃப்ரேம்களைப் பல சிஸ்டங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பேக்பர்னரும். புதிதாக வந்த இரண்டு பையன்கள் பிளெண்டர்காரர்கள் (அதுவும் 3டி மென்பொருள்), அவர்களுக்காக பேக்பர்னர் போலவே வேலை பிரிக்கும் ஃபிளமெங்கோவும் போட்டிருக்கிறேன்.

சிஸ்டங்கள்: நான் உட்காரும் ரைசன் 9, அதில் 64 ஜிபி ராம். ரெண்டருக்கென்று, அதாவது சீனை ஃப்ரேம் ஃப்ரேமாகப் படமாக்க, எட்டு ஐ7. கணக்கெழுத வாங்கி மூலையில் கிடக்கும் ஒரு பழைய ஐ3, 8 ஜிபி ராம். அப்புறம் எல்லா சிஸ்டமும் நெட்வொர்க் வழியே கோப்பு எடுக்க, நான்கு டிஸ்க் போடும் ஒரு நாஸ் பெட்டி.

பேக்பர்னர் மேனேஜர் இப்போது என் ரைசனில்தான் ஓடுகிறது. போன வியாழன் ஒரு நிமிட வாக்த்ரூ, அதாவது 1500 ஃப்ரேம். ஃப்ரேமுக்கு 6 நிமிடம். எட்டு சிஸ்டம் சேர்ந்தால் 18 மணி 45 நிமிடம். மாலை 7 மணிக்குப் போட்டுவிட்டு வேறொரு சீனில் உட்கார்ந்தேன். 11 மணிக்கு மேக்ஸ் உறைந்து நின்றது. தூக்கக் கலக்கத்தில் பழக்கதோஷமாக ரீஸ்டார்ட் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். காலையில் வந்து பார்த்தால் 328 ஃப்ரேம். எட்டு சிஸ்டமும் கையிலிருந்த ஃப்ரேமை முடித்துவிட்டு, அடுத்தது என்ன என்று கேட்க ஆளில்லாமல் விடிய விடிய சும்மா நின்றிருக்கின்றன. மேனேஜரைக் கையால் திறந்து வைத்திருந்தேன். ரீஸ்டார்ட் ஆன பிறகு அது தானாக வரவில்லை.

பங்காளி என்ன சொல்கிறார் என்றால், “தலைமைக்கு நல்ல சிஸ்டம்தான் வேண்டும், ரைசனிலேயே இருக்கட்டும், நீ ரீஸ்டார்ட் பண்ணாமல் இரு” என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. நீங்கள் எதில் வைத்திருக்கிறீர்கள்?

நகரித்தறி · வெள்ளி, இரவு 10.15

தம்பி, நான் நகரிக்காரன். எங்கள் தெருவில் விசைத்தறிச் சத்தத்தில்தான் பிள்ளைகள் தூங்கும். ஒரு கொட்டகையில் பத்துத் தறி ஓடும். மேஸ்திரி ஒருவர் இருப்பார், அவர் தறி ஓட்ட மாட்டார். எந்தத் தறியில் நூல் அறுந்தது, எதில் பாவு தீர்ந்தது என்று நடந்துகொண்டே இருப்பார். அவரையும் ஒரு தறியில் உட்கார வைத்தால் ஒரு சேலை கூடுதலாக வரும், ஆனால் மற்ற ஒன்பதில் எது நின்றது என்று யாருக்கும் தெரியாது.

மேனேஜர் செய்வதும் அதுதான். பட்டியல் வைத்திருக்கிறது. 412ஆம் ஃப்ரேம் உனக்கு, 413 அவனுக்கு என்கிறது. முடிந்தது, விழுந்தது என்று பதில் வாங்கிக் குறிக்கிறது. ரெண்டர் செய்யும் சிஸ்டத்தை, அதாவது நோடைக் கூப்பிட்டும் அது பேசவில்லை என்றால் அந்த ஃப்ரேமை வேறொன்றுக்கு மாற்றுகிறது. இதற்கு ரைசன் எதற்கு? உங்கள் கணக்கெழுதும் ஐ3 போதும்.

மனிதர்கள் உட்காரும் சிஸ்டத்தில் மேனேஜர் கூடாது. நான் சொல்வது இவ்வளவுதான். சிஸ்டத்தின் வேகத்தைப் பார்க்காதீர்கள், அதன் முன்னால் நாற்காலி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆரியங்காவு ரயில் · வெள்ளி, இரவு 11.02

நகரி அண்ணன் சொன்னது முக்கால்வாசி சரி. மீதிக் காலில்தான் ஆள் விழுவார்கள். செங்கோட்டையில் நான் ஒருமுறை விழுந்தேன்.

பேக்பர்னரில் மேனேஜர் வெறும் கணக்குப்பிள்ளை இல்லை, கிட்டங்கியும் அதுதான். வேலையை அனுப்பும்போது சீன் கோப்பு மேனேஜருக்குப் போய் அதன் டிஸ்க்கில் உட்காரும். ஒவ்வொரு நோடும் அங்கிருந்துதான் இழுத்துக்கொள்ளும். மேப்களையும் (பொருள்கள் மேல் ஒட்டும் டெக்ஸ்சர் படங்கள்) சேர்த்து அனுப்பும் டிக்கைப் போட்டிருந்தால் டெக்ஸ்சர் எல்லாம் மூட்டையாகக் கட்டி அதே வழியில் போகும்.

கணக்குப் போடுவோம். மூட்டை 4 ஜிபி என்று வைத்துக்கொள்ளுங்கள். கிகாபிட் கம்பியில் நடைமுறையில் நொடிக்கு 110 எம்பி வரும், அதாவது ஒரு நோடுக்கு 37 நொடி. எட்டுக்கும் சேர்த்து ஐந்து நிமிடம், பரவாயில்லை. பழைய சிஸ்டத்தில் 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) நெட்வொர்க் கார்டு இருந்தால்? நொடிக்கு 12.5 எம்பி என்பதே உச்சம். ஒரு நோடுக்கு 320 நொடி, எட்டுக்கு 43 நிமிடம். ஒரு ஃப்ரேம்கூட ஆரம்பிப்பதற்கு முன்னால் போகும் நேரம் இது. ‘மேனேஜர் ஸ்லோ’ என்று நான் ராம் வாங்கிப் போட்டேன், பிராசசரையும் மாற்றினேன். கடைசியில் தேவைப்பட்டது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு நெட்வொர்க் கார்டு.

ஆகவே ஐ3யில் வைக்கலாம். வைக்கும் முன் கார்டு கிகாபிட்டா என்று பாருங்கள். நெட்வொர்க் கேபிள்களைச் சேர்க்கும் ஸ்விட்சிலும் கேபிளிலும்கூட நான்கு ஜோடிக் கம்பியும் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எலி கடித்து இரண்டு ஜோடி மட்டும் மிஞ்சிய கேபிள் சத்தமில்லாமல் 100க்கு இறங்கி நிற்கும். டிஸ்க் எஸ்எஸ்டியாக இருக்கட்டும். முடிந்த வேலைகளை நீங்கள் அழிக்கும்வரை அவை அங்கேயே கிடக்கும், டிஸ்க் நிறைந்தால் புது வேலை போகாது. ஒரே நேரத்தில் எத்தனை பேருக்கு வேலை அனுப்பலாம் என்று மேனேஜரிலேயே ஒரு அளவு வைக்கும் இடம் உண்டு, அதைக் குறைத்தால் எட்டு நோடும் ஒரே வாசலில் முட்டிக்கொள்ளாது.

புதியவர்களுக்கு ஒன்று. பேக்பர்னரில் ‘சர்வர்’ என்றால் ரெண்டர் செய்யும் நோடு. எல்லாரும் சர்வர் என்று நினைப்பது அங்கே ‘மேனேஜர்’. அந்தப் பெயரை வைத்தவர் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. போர்ட் எண் மேனேஜருக்கு 3234, சர்வருக்கு 3233. ஃபயர்வாலில் இரண்டையும் திறந்துவிடுங்கள்.

கொழிஞ்சாம்பாறைக்காரன் · சனி, காலை 7.20

ஐ3யைத் திறந்து பார்த்தேன். அண்ணன் வாயில் சர்க்கரை போட வேண்டும், போர்டிலேயே 100 எம்பிபிஎஸ்தான்! டிஸ்க்கும் பழைய சுழலும் டிஸ்க்.

டெக்ஸ்சர்கள் எங்களுக்கு நாஸில் இருக்கின்றன. ஆனால் இசட் டிரைவ் என்று எழுத்துக் கொடுத்து இணைத்து வைத்திருக்கிறோம். அதனால் பேக்பர்னர் சர்வீஸாக (லாகின் இல்லாமல் பின்னணியில்) ஓடும்போது சில நோடுகள் மேப் காணோம் என்கின்றன, கையால் திறந்தால் சரியாகிறது. இதற்கும் மேனேஜர் இருக்கும் இடத்துக்கும் சம்பந்தம் உண்டா? நாஸிலேயே மேனேஜரையும் போட்டுவிட்டால் ஒரு பெட்டியோடு முடிந்துவிடாதா?

குமுளிச்சாரல் · சனி, காலை 8.05

இசட் டிரைவ் என்பது நீங்கள் லாகின் செய்தால் உங்களுக்கு மட்டும் தெரிகிற கதவு. சர்வீஸ் வேறொரு கணக்கில் ஓடுகிறது, அதற்கு அந்தக் கதவே கிடையாது. டிரைவ் எழுத்தை விட்டுவிட்டு, இரட்டைப் பின்சாய்கோட்டோடு நாஸ் பெயரில் தொடங்கும் முழுப் பாதையைக் கொடுங்கள். சர்வீஸும் நாஸில் அனுமதி உள்ள ஒரு கணக்கில் ஓடட்டும். அப்புறம் மேப்களை மூட்டை கட்ட வேண்டியதே இல்லை, மேனேஜர் வழியாகச் சீன் கோப்பு மட்டும்தான் போகும். ஆரியங்காவு சொன்ன கிட்டங்கிச் சுமையில் பெரும்பகுதி இறங்கிவிடும்.

ஃபிளமெங்கோ வேறு மாதிரி. 2022இல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து மேனேஜர் ஒரே ஒரு இயங்கு கோப்பு. லினக்ஸிலும் ஓடும். அதனால் நாஸில் மென்பொருளைத் தனி டப்பாவாக ஓட்டும் டாக்கர் வசதி இருந்தால் போடலாம், நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். கோப்புகளை மேனேஜர் வழியாகவே அனுப்பும் ஷாமன் என்ற வசதியை இயக்காதவரை அது கோப்பைச் சுமப்பதில்லை. எல்லாரும் பகிர்ந்த ஃபோல்டரில் இருந்து எடுத்துக்கொள்கிறார்கள், அது வெறும் கணக்குப்பிள்ளை. உலாவியில் மேனேஜர் முகவரியோடு போர்ட் 8080 போட்டுப் பார்த்தால் எந்த நோடு என்ன செய்கிறது என்று கட்டிலில் படுத்தபடியே போனில் பார்க்கலாம்.

இரண்டு எச்சரிக்கை. அதன் தரவுத்தளம் எஸ்கியூலைட், ஒரு கோப்பாக இருப்பது. அந்தக் கோப்பு மேனேஜர் ஓடும் சிஸ்டத்தின் சொந்த டிஸ்க்கில் இருக்க வேண்டும். ‘பத்திரமாக இருக்கட்டும்’ என்று நெட்வொர்க் ஃபோல்டரில் வைக்காதீர்கள், அங்கே பூட்டுப்போடும் முறை நம்பகமில்லை, கோப்பு கெட்டுப்போகும். இரண்டாவது, பகிர்ந்த ஃபோல்டர் என்றால் நிஜமான நெட்வொர்க் ஃபோல்டர். டிராப்பாக்ஸ் மாதிரி பிறகு ஒத்திசையும் ஃபோல்டர் உதவாது. கோப்பு வந்து சேரும் முன் நோடு தேடி, இல்லை என்று கைவிரித்துவிடும்.

வாளையார்க் காற்று · சனி, காலை 10.30

எல்லாரும் ஒரே பக்கம் சாய்வதால் எதிர்ப்பக்கம் கொஞ்சம் பேசுகிறேன். என்னிடம் இருப்பதே மூன்று சிஸ்டம். மூன்றில் ஒன்றை மேஸ்திரி என்று நிறுத்தி வைத்தால் என் வீட்டில் உலை கொதிக்காது. நான்கு வருடமாக வேலை செய்யும் சிஸ்டத்தில்தான் மேனேஜரும் இருக்கிறது. வேலையைப் போட்டுவிட்டால் அன்று அந்த சிஸ்டத்தைத் தொடுவதில்லை என்று ஒரு ஒழுங்கு. மேனேஜருக்கும் பிராசசரில் இடம் இருக்கட்டும் என்று ரெண்டருக்கு இரண்டு திரெட் குறைத்துக் கொடுக்கிறேன். அவ்வளவுதான். கொழிஞ்சாம்பாறைக்காரர் செய்தது மேனேஜர் தவறு இல்லை, தூக்கக் கலக்கம்.

ஆரியங்காவு ரயில் · சனி, காலை 11.10

மூன்று சிஸ்டத்துக்கு நீங்கள் சொல்வது சரி, மறுக்கவில்லை. ஆனால் திரெட் குறைத்தால் போதும் என்பதில் ஒரு ஓட்டை இருக்கிறது. சிபியு நிறைந்தால் மேனேஜர் மெதுவாகப் பதில் சொல்லும், சமாளிக்கலாம். ராம் நிறைந்தால் விண்டோஸ் டிஸ்க்கைச் சுரண்ட ஆரம்பிக்கும், மேனேஜர் நிமிடக்கணக்கில் வாய் திறக்காது. அப்போது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் நோடுகளே காணாமல் போனதாகக் கணக்கில் விழும். அவற்றின் ஃப்ரேம்கள் மறுபடி வேறு யாருக்கோ போகும். ஒரு கனமான காடு சீன் வரும்வரை இது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

வாளையார்க் காற்று · சனி, காலை 11.25

காடு சீன் இன்னும் வரவில்லை. வந்தால் இங்கேயே வந்து அழுகிறேன்.

பாறசாலை அக்கா · சனி, மாலை 4.50

தலைவரே இல்லாத ஊர் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் ரெண்டர் வேலை பிரிக்க டெட்லைன் என்ற மென்பொருள். அதில் எல்லாருக்கும் வேலை பிரித்துக் கொடுக்கும் நடு மேனேஜர் கிடையாது. மாங்கோடிபி தரவுத்தளம் ஒன்று, ரெப்பாசிட்டரி என்ற பகிர்ந்த ஃபோல்டர் ஒன்று. நோடுகள் தாமே போய்ப் பதிவேட்டைப் பார்த்து, தமக்குரிய வேலையை எடுத்துக்கொள்ளும். பல்ஸ் என்று ஒன்று உண்டு. கூட்டிப் பெருக்குவது, நோடுகளை அணைத்து எழுப்புவது எல்லாம் அதன் வேலை. அது செத்தாலும் ரெண்டர் நிற்காது, கூட்டிப் பெருக்குவதை நோடுகளே இடையிடையே செய்துகொள்ளும்.

கேட்க அழகாக இருக்கிறது இல்லையா? ஆனால் அந்தத் தரவுத்தளம் ஓடும் சிஸ்டம் போனால் எல்லாம் போச்சு. தலைவர் இல்லாத ஊரிலும் பதிவேடு ஒரு பெட்டிக்குள்தானே இருக்க வேண்டும்! ஆக கேள்வி மறுபடி அங்கேயே வருகிறது, எந்தப் பெட்டி?

பெரிய ஸ்டூடியோக்கள் இதைத் தாண்டிப் போய்விட்டார்கள். சோனி பிக்சர்ஸ் இமேஜ்வொர்க்ஸும் கூகுளும் சேர்ந்து 2019இல் திறந்துவிட்ட ஓப்பன்கியூவில் வேலை பிரிக்கும் கியூபாட்டை ஒன்றுக்கு மேற்பட்ட சிஸ்டங்களில் ஓட்டலாம், நினைவெல்லாம் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில். ஒரு கியூபாட் விழுந்தால் இன்னொன்று தொடரும். எட்டு நோடுக்கு அது தேவையில்லை, தம்பி. குருவி தலையில் பனங்காய்.

நகரித்தறி · சனி, இரவு 9.00

இரண்டு மேனேஜர் பேச்சு வந்ததால் எங்கள் கதை. பயிற்சிக்கு வந்த பையன் ஆர்வத்தில் தன் லேப்டாப்பிலும் மேனேஜரைத் திறந்து பார்த்தான். எங்கள் நோடுகளில் மேனேஜரைத் தானாகத் தேடும் டிக் போட்டிருந்தது. அன்று காலை ரீஸ்டார்ட் ஆன நான்கு நோடும் அவன் லேப்டாப்பில் போய் ஒட்டிக்கொண்டன. மாலை ஐந்தரைக்கு அவன் லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு புத்தூர் பஸ் ஏறிவிட்டான். எங்கள் மேனேஜரும் பஸ் ஏறிவிட்டது. ஒரு உறைக்குள் இரண்டு கத்தி எதற்கு என்று அன்று புரிந்தது.

தானாகத் தேடுவதை அணைத்துவிடுங்கள். மேனேஜருக்கு 192.168.1.10 என்பது போல நிலையான முகவரி ஒன்று கொடுத்து, எல்லா நோடிலும் கையால் எழுதுங்கள். ஃபிளமெங்கோவிலும் நோடின் யாமல் என்ற அமைப்புக் கோப்பில் மேனேஜர் முகவரியை எழுத இடம் உண்டு. ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகி மேனேஜருக்கு வேறு முகவரி வந்து, நோடுகள் பழைய வாசலிலேயே தட்டிக்கொண்டு நின்றதும் எங்கள் இடத்தில் நடந்திருக்கிறது.

மேனேஜரை சர்வீஸாகப் போட்டுவிடுங்கள், யாரும் லாகின் செய்யாமலே எழுந்து நிற்கும். ஸ்லீப்பை அணையுங்கள். விண்டோஸ் அப்டேட்டை நீங்கள் நேரம் ஒதுக்கிக் கையால் செய்யுங்கள், இல்லாவிட்டால் இரவு மூன்று மணிக்கு அது நேரம் ஒதுக்கிக்கொள்ளும். பயாஸில் கரண்ட் போய் வந்தால் தானாக ஆன் ஆகும்படி வையுங்கள்.

உங்கள் பக்கம் துலா மாத இடி வேறு. ரெண்டர் நோடுகளுக்கெல்லாம் யூபிஎஸ் போட்டுக் கட்டுப்படியாகாது, போடவும் வேண்டாம். ஒரு நோடு விழுந்தால் ஒரு ஃப்ரேம்தான் போகும். மேனேஜருக்கும் ஸ்விட்சுக்கும் நாஸுக்கும் மட்டும் போடுங்கள். மூன்றும் சேர்ந்தே 100 வாட் சுமாருக்குத்தான் இழுக்கும். சின்ன யூபிஎஸ்ஸே தாங்கும்.

இன்னொன்று. டெக்ஸ்சரை நாஸில் வைத்திருப்பது நல்லது, அதை மேனேஜருக்கு மாற்றாதீர்கள். சாதாரண விண்டோஸ் 10, 11இல் ஃபோல்டரைப் பகிர்ந்தால் ஒரே நேரத்தில் 20 சிஸ்டம்தான் உள்ளே வரலாம். தெரிந்தவர் ஒருவர் 24 நோடு வைத்து, எந்த நான்கு கெட்டுப்போயிருக்கிறது என்று இரண்டு நாள் தேடினார். ஒவ்வொரு தடவையும் வேறு நான்கு!

கொழிஞ்சாம்பாறைக்காரன் · 12 நாள் கழித்து, இரவு 8.30

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

ஐ3யில் கிகாபிட் கார்டும் 240 ஜிபி எஸ்எஸ்டியும் போட்டு மேனேஜர் ஆக்கிவிட்டேன். மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டேன். நகரி அண்ணன் சொன்ன மாதிரி நாற்காலியையும் எடுத்துவிட்டேன். இசட் டிரைவ் ஒழிந்தது, மேப் காணோம் என்ற புலம்பலும் போனது. பழைய மேனேஜரில் இருந்த வேலைகளை நகர்த்தப் பார்க்கவில்லை. அவை முடியும்வரை காத்திருந்து, ஒரு ஞாயிறு காலை எல்லா நோடிலும் முகவரியை மாற்றினேன். அரைமணி நேர வேலை.

முதல் வாரம் ஒரு வேடிக்கை. காலையில் பெருக்க வரும் சேச்சி, ஆளில்லாத பெட்டிதானே என்று மேனேஜர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு போன் சார்ஜரைச் செருகிவிட்டார். கோபித்துக்கொள்ள முடியுமா? திரையும் இல்லை, விளக்கும் இல்லை, வேலை செய்கிறது என்று யார் சொல்வார்கள்? இப்போது பெட்டி மேல் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி ஒட்டியிருக்கிறேன்: ‘அணைக்காதீர்கள், ஓஃப் செய்யருது.’ சேச்சிக்குத் தனியாக ஒரு பிளக் பாயிண்டும் போட்டுக் கொடுத்தேன்.

நேற்று 1800 ஃப்ரேம் ஓடியது. நடுவில் என் மேக்ஸ் இரண்டு முறை செத்தது, நான் பாட்டுக்கு ரீஸ்டார்ட் கொடுத்தேன், எந்த நோடும் திரும்பிப் பார்க்கவில்லை. பங்காளி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இன்று காலை வந்தவுடன், “ரைசன் சும்மாதானே இருக்கிறது, இரவில் அதையும் நோடாகச் சேர்த்தால் என்ன?” என்று கேட்டார். சேர்த்துவிட்டேன்.

ஒரே ஒரு குறை. இன்று சாயங்காலம் இடியோடு கரண்ட் போனது. மேனேஜர் யூபிஎஸ்ஸில் கல்லாக நின்றது. நோடுகளெல்லாம் விழும் என்று தெரியும். ஆனால் கரண்ட் வந்து நோடுகள் எழுந்த பிறகும் மேனேஜரைக் கண்டுபிடிக்கக் கால்மணி நேரம் திணறின. ஏன்?

நகரித்தறி · இரவு 8.41

தம்பி, ஸ்விட்சை எதில் செருகியிருக்கிறீர்கள்?

கொழிஞ்சாம்பாறைக்காரன் · இரவு 8.52

சேச்சியின் பிளக் பாயிண்டுக்குப் பக்கத்தில், சுவரில். கரண்ட் வந்ததும் அது எழவே இல்லை, நான்தான் போய்ப் பிடுங்கிச் செருகினேன். இப்போதுதான் உறைக்கிறது. எழுந்து போகிறேன் அண்ணே.